தண்ணீர் குடிக்காமல் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கண்டியிலிருந்து குருநாகல் போகிற பஸ்ஸில் ஏறிய நான் கலகெதர வரைக்கும்தான் போய்ச் சேர்ந்தேன். குருநாகலில் என் தங்கை எனக்காகக் கோயில் வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். அன்று அவளுடைய இரண்டரை வயது மகளுக்குக் காது குத்து.

என் நோயை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த மடத்தனம் விளங்காது. பெருங்குடலின் உட்சுவரில் புண் வருகிற நோய் எனக்கு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று கிளினிக் அட்டையில் எழுதியிருக்கிறார்கள். சில மாதங்கள் சாதுவாகக் கிடக்கும். பிறகு ஒரு நாள் காரணம் சொல்லாமல் கிளம்பும். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை ஓட வேண்டும், இரத்தமும் போகும். அடுத்த பஸ் தரிப்பு வரைக்கும் பொறு என்று வயிற்றிடம் கெஞ்சினால் அது கேட்காது. கண்டி நகரத்தில் எந்தக் கடைக்குப் பின்னால் மலசலகூடம் இருக்கிறது, எதற்குப் பூட்டு, சாவி யாரிடம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

இந்த நிலைமைக்கு நானாக ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். தண்ணீர் குடிக்காமல் இருப்பது. உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வெளியே என்ன வரப்போகிறது என்பது என் கணிப்பு. நான் கெலிஓயாவில் ஒரு வாடகை அறையில் தனியாக இருக்கிறேன். வேலை கண்டியில், ஒரு மொத்த வியாபாரக் கடையில் கிளார்க். காலையில் பஸ் ஏறும் முன்பு ஒரு மிடறு தண்ணீர்கூடத் தொடமாட்டேன். கிளினிக்கில் டொக்டர் ஒவ்வொரு முறையும் "தண்ணி நல்லா குடிக்கிறீங்களா?" என்று கேட்பார். நானும் பள்ளிக்கூடப் பையன் மாதிரித் தலையாட்டுவேன். புண் பட்ட குடல் உடம்பிலிருக்கிற நீரை எடுத்துத்தான் வெளியே தள்ளுகிறது, குடிக்காமல் இருந்தாலும் அது நிற்காது, உடம்புதான் வற்றும் என்று அவர் பொறுமையாக விளக்கியிருக்கிறார். அதையும் ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டேன்.

எங்கள் ஆட்கள் வீட்டுக்குப் போனால் உட்காரும் முன்பே பால் சேர்க்காத பிளேன்டீ வந்துவிடும். வேண்டாம் என்றால் அவர்களுக்கு முகம் சுண்டிப்போகும். குடித்தால் எனக்கு வயிறு கலங்குமோ என்ற பயம். ஆகவே யார் வீட்டுக்கும் போவதில்லை என்று முடிவு கட்டினேன். கல்யாணப் பேச்சு வந்தபோதும் ஏதேதோ சொல்லித் தட்டிக்கழித்தேன். ஆசை இல்லாமல் இல்லை. சாயங்காலத்தில் பக்கத்து வீடுகளில் கோப்பைகள் மோதும் சத்தம் கேட்கும்போது, அந்தப் பேச்சுக்கு நடுவில் ஒரு கதிரையில் நானும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஏங்கியிருக்கிறேன்.

அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது தங்கை ஒருத்திதான். அவளுக்குக் கல்யாணமாகி ஒன்பதாவது வருடத்தில்தான் அந்தக் குழந்தை பிறந்தது. கண்டியிலிருந்து குருநாகல் ஒன்றரை மணி நேரப் பயணம். கடல் தாண்டியா இருக்கிறது? ஆனாலும் நான் போகவில்லை. குழந்தையை அவள் ஒரு முறை கைக்குழந்தையாகத் தூக்கி வந்து காட்டினாள், அவ்வளவுதான். அதன் பிறகு எல்லாம் வீடியோ கோலில்தான். லீவு இல்லை, காஸ்ட்ரிக், கடையில் ஸ்டொக் எடுக்கிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. குடல் நோய் என்று தங்கையிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. மச்சான் மீது எனக்கு ஏதோ மனஸ்தாபம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்தக் குழந்தைக்கு மாமா என்றால் கைத்தொலைபேசிதான். போனை எடுத்து அதற்கு முத்தம் கொடுக்கும். நான் இந்தப் பக்கம் சிரிப்பேன். போனை வைத்த பிறகு அறை வெறிச்சென்று கிடக்கும்.

காது குத்துக்கு நாள் பார்த்ததும் தங்கை அழைத்தாள். "அண்ணே, மாமா மடியில வச்சுத்தான் குத்தணும். ஒங்கள விட்டா எம்புள்ளைக்கு வேற யாரு இருக்கா? இந்தத் தடவையும் சாக்குச் சொன்னீங்கன்னா, அப்புறம் நா ஒங்ககிட்ட பேசவே மாட்டேன்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தக் குழந்தையை ஒரு தடவை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு நினைப்பே இல்லை. தாய்மாமன் கொண்டுபோக வேண்டிய தோட்டையும் ஒரு சின்னச் சட்டையையும் வாங்கினேன். அதன் பிறகுதான் பயம் பிடித்தது. சபை நடுவில், மடியில் குழந்தை, எதிரே ஊசியோடு ஆசாரி, பக்கத்தில் மந்திரம் சொல்லும் ஐயர். அரை மணி நேரம் அசையக்கூடாது. அந்த நேரம் பார்த்து வயிறு கிளம்பினால்? குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு நான் எங்கே ஓடுவது?

அதனால் சனிக்கிழமை மத்தியானத்தோடு சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்தினேன். வயிறு என்னவோ நிற்கவில்லை. விடிவதற்குள் நாலு தடவை போனது. இனி ஒன்றும் மிச்சமில்லை என்று நானே எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டேன். உதடு வெடித்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்தபோது ஒரு பெருமைகூட வந்தது.

பஸ் கட்டுகஸ்தோட்டையைத் தாண்டும்போதே கெண்டைக்கால் இரண்டும் இழுத்துப் பிடித்தன. மழை இல்லாத மாதம், யன்னலால் வந்த காற்றும் சூடு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நெஞ்சு படபடவென்று அடித்தது. வளைவுகள் வர வர முன் சீட்டுக்காரரின் தலை இரண்டாகத் தெரிந்தது. இத்தனைக்கும் மேலே வயிறும் முறுக்கியது. கலகெதரவில் பஸ் நின்றதும் இறங்கினேன். நாலு எட்டு வைத்திருப்பேன், கண்ணுக்குள் பூச்சி பறந்தது. பிளாஸ்டிக் வாளிகள் தொங்கிய ஒரு கடை முன்னால் விழுந்தேன்.

கண் திறந்தபோது கடைக்குள் ஒரு பாயில் கிடந்தேன். தொப்பி போட்ட ஐம்பது வயது மதிக்கத்தக்க கடைக்காரர் என் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஃபார்மசியில், வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற உப்பும் சீனியும் கலந்த ஜீவனிப் பக்கற் வாங்கி, கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் கையில் வைத்திருந்தார். கரண்டியை என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தார். நான் வாயை இறுக்கிக்கொண்டேன்.

"வேணாங்க. குடிச்சா திரும்பப் போகணும்" என்றேன். பிறகு, தங்கையிடம் மூன்று வருடம் சொல்லாததை, முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் நாலு வரியில் சொல்லி முடித்தேன்.

அவர் சிரிக்கவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. "போகணும்டா போங்க. பொறத்தால எங்கட ஊடு. கதவு தொறந்துதான் இரிக்கி. அதுக்குப் போய் தண்ணி குடிக்காம இரிக்கிறதா?" என்றார். பிறகு, "நாங்க இப்ப நோம்பு. எங்களுக்கே நோயாளிக்கு நோம்பு கடமையில்ல. ஒங்களுக்கு யாரு இப்பிடிச் செய்யச் சொன்ன?" என்று கேட்டார்.

அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். அவருடைய உதடும் காய்ந்துதான் இருந்தது. விடியலுக்கு முன் சாப்பிட்டவர், பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை நேரம் வரைக்கும் ஒரு சொட்டுக்கூடக் குடிக்க முடியாதவர், எனக்குக் கரண்டி கரண்டியாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. கண்ணீர்தான் வரவில்லை, அதற்குக்கூட உடம்பில் நீர் இல்லை போலிருக்கிறது.

"மடமடன்னு குடிச்சா வெளிய வந்திரும். ஒவ்வொரு கரண்டியா, சொணங்கிச் சொணங்கிக் குடிங்க" என்றார். உள்ளேயிருந்து அவருடைய மனைவி உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் கொடுத்தனுப்பினார். இரண்டு தடவை அவர்கள் வீட்டுக்குப் பின்னால் போய் வந்தேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சுவர் மணிக்கூட்டில் பத்தேகால். முகூர்த்தம் பத்தரைக்கு. எழுந்து நிற்கப் பார்த்தேன், முடியவில்லை. தங்கைக்கு அழைத்தேன்.

"அண்ணே, எங்க நிக்கிறீங்க? ஐயர் கேட்டுக்கிட்டே இருக்காரு!"

உண்மையைச் சொன்னேன். எல்லாவற்றையும். அவள், "நிப்பாட்டிருவோம். வேற நாள் பார்ப்போம்" என்றாள்.

ஆட்கள் கூடியாயிற்று, சமையல் ஆயிற்று. நான்தான் பிடிவாதமாக நடத்தச் சொன்னேன். "மச்சானோட தம்பி மடியில வச்சுக் குத்துங்கம்மா. அவனும் முறைக்குச் சித்தப்பன்தானே."

"அப்ப போன வைக்காதீங்க. நீங்க அதுலயாவது இருங்க" என்று சொல்லி அழுதாள்.

அந்தப் பாயில் சாய்ந்தபடி, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மருமகளின் காது குத்தைக் கேட்டேன். கெட்டி மேளம். யாரோ "புடிங்க, தலைய நல்லா புடிங்க" என்றார்கள். பிறகு குழந்தையின் வீரிட்ட சத்தம். ஒரு தடவை. கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை. என் கைகள் இரண்டும் என்னையறியாமல் மடிக்கு மேலே குவிந்து நின்றன. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, கரண்டியைக் கோப்பைக்குள் வைத்து, வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மத்தியானம் தங்கை ஒரு வேன் பிடித்துக்கொண்டு பட்டுச் சேலையோடு கடை வாசலில் வந்து இறங்கினாள். இடுப்பில் குழந்தை. சிவந்து வீங்கிய காதுகளில் ஆசாரி போட்ட மெல்லிய கம்பித் தோடு. "காஸ்ட்ரிக்காண்ணே? மூணு வருஷமா காஸ்ட்ரிக்கா? நா ஒங்களுக்கு யாரு?" என்று அத்தனை பேர் முன்னால் என்னைப் பிடித்து உலுக்கினாள். திட்டட்டும் என்று இருந்தேன். நான் கையை நீட்டிக் குழந்தையை அழைத்தேன். மாமா என்று போனுக்கு முத்தம் கொடுத்த பிள்ளை, கன்னம் ஒட்டிப்போன ஒரு புது ஆளைப் பார்த்து மிரண்டு, அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறியது. விழுந்தபோதுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை.

அங்கிருந்தே என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் சேலைன் ஏறியது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிறுநீரகம் பழுதாகியிருக்கும் என்றார்கள்.

இப்போதும் நோய் என்னோடுதான் இருக்கிறது. ஆனால் பையில் எப்போதும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் ஜீவனிப் பக்கற்றும் இருக்கின்றன. காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கிறேன். வயிறு மோசமான நாட்களில் இன்னும் கூடக் குடிக்கிறேன். கடையில் முதலாளியிடம் நோயைச் சொன்னேன். "இத முதல்லயே சொல்லியிருக்கலாமேப்பா" என்று மலசலகூடத்துக்குப் பக்கத்தில் மேசையை மாற்றிக் கொடுத்தார். அவ்வளவு சுலபமாகத்தான் இருந்தது. மாதம் ஒரு தடவை குருநாகல் போகிறேன். தேவைப்பட்டால் இடையில் எங்கேயாவது இறங்கிக் கதவைத் தட்டிக் கேட்கிறேன். இது வரைக்கும் யாரும் முகத்தில் அடித்தாற்போல் இல்லை என்று சொன்னதில்லை.

மருமகள் என்னிடம் ஒட்டிக்கொள்ளப் பல மாதங்கள் பிடித்தன. இப்போது வாசலில் என் சத்தம் கேட்டதும் ஓடி வருகிறாள். காலைக் கட்டிக்கொள்கிறாள், சொன்ன கதையையே திரும்பச் சொல்லச் சொல்லி அடம் பிடிக்கிறாள். அவள் ஒரு நாள் ஆல்பத்தைக் கொண்டுவந்து பிரித்து, "காது குத்துறப்ப நீங்க எங்க மாமா?" என்று கேட்டாள். வேலையாக இருந்தேன் என்று இன்னொரு பொய் சொல்லவில்லை. "தண்ணி குடிக்காம விழுந்துட்டேன்மா" என்றேன். அவள் யோசித்துவிட்டு, உள்ளே போய் ஒரு கோப்பைத் தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தச் சிந்தக் கொண்டுவந்து தந்தாள். அதை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன். இனி எத்தனை கோப்பை குடித்தாலும் அந்தக் காலை நேரம் எனக்குத் திரும்பி வரப்போவதில்லை, ஒரு பிள்ளைக்குக் காது ஒரு தடவைதானே குத்துவார்கள்.