கர்வ் செய்யாத ஃபைல்

பழவேற்காடு பஸ் நிலையத்துக்கு எதிரே பொன்னுரங்கத்தின் டிசைன் கடை இருக்கிறது. பத்துக்கு எட்டு அடி. ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்ச். கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் தேர், சாவு என்று எது நடந்தாலும் சுற்றியுள்ள குப்பங்களுக்கு பேனர் போட்டுத் தருவது அவர்தான். அவர் ஃபைலை அனுப்புவார். பொன்னேரியில் இருக்கும் அச்சகம் அதை அடித்து பஸ்ஸில் ஏற்றிவிடும்.

மற்ற விஷயத்தில் மனுஷன் எப்படியோ, ஃபாண்ட் விஷயத்தில் மகா பிடிவாதக்காரர். கண்ணில் பட்ட ஃபாண்டையெல்லாம் இறக்கி கம்ப்யூட்டரில் திணித்துவிட்டு, திறக்கவே அரைமணி நேரம் ஆகிறது என்று புலம்புகிற பையன்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஒரே பெயரில் இரண்டு ஃபாண்ட் உள்ளே இருந்து ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். பென் டிரைவில் கொண்டுவந்த ஃபைலைத் திறந்தால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் இங்கிலீஷ் எழுத்தும் கமாவுமாகக் கொட்டிக் கிடக்கும். எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் இவரிடம்தான் வருவார்கள். அந்தக் கிறுக்கலை இரண்டு வரி பார்த்தாலே போதும், எந்த ஃபாண்டில் அடித்தது என்று சொல்லிவிடுவார். கூடவே நாலு திட்டும் கிடைக்கும்.

கர்வ் செய்யாமல் ஏன் அனுப்பினாய் என்பதுதான் திட்டின் சாரம். கர்வ் செய்வதென்றால் எழுத்தைப் படமாக மாற்றிவிடுவது. அதன்பிறகு எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும், அங்கே அந்த ஃபாண்ட் இல்லாவிட்டாலும், போட்டது போட்டபடி இருக்கும். ஆனால் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. இருபது வருஷத்தில் கர்வ் செய்யாத ஃபைல் எதுவும் அவர் கடையைத் தாண்டியதில்லை.

ஃபாண்டுகளை அவர் இரண்டு ஃபோல்டரில் பிரித்து வைத்திருந்தார். ஒன்றின் பெயர் நல்லது, இன்னொன்றின் பெயர் கெட்டது. ஒருமுறை, கண்ணீர் அஞ்சலிக்குப் போடுகிற எழுத்திலேயே ஒரு கல்யாண பேனரையும் போட்டுவிட்டார். மாப்பிள்ளையின் அத்தை இருசம்மாள் கடை வாசலில் நின்று கத்திய கத்தலில் பஸ் ஸ்டாண்டே கூடிவிட்டது. அந்த அம்மாள் படித்தவள் அல்ல, ஆனால் சாவு எழுத்து எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. குப்பத்து ஜனங்கள் எழுத்தை முகம் பார்ப்பது போலப் பார்க்கிறவர்கள். அன்றிலிருந்து கெட்டது ஃபோல்டரை அவர் தனியாக வைத்துவிட்டார். சாவு வந்தால் அதிலுள்ள ஃபாண்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார், வேலை முடிந்ததும் எடுத்துவிடுவார். அந்த ஃபாண்ட் அச்சகத்தில் கிடையாது. கர்வ் செய்தே அனுப்பியதால் அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.

அவருடைய ஒரே மகன் தீனா. வயது இருபத்திரண்டு, டிப்ளமோ முடித்தவன். கடையில் உட்காரச் சொன்னால், நாள் முழுக்க நாற்காலியில் இருந்தால் இடுப்பு போய்விடும் என்று சிரித்துவிட்டு மாமனோடு படகேறிப் போய்விடுவான். ஐப்பசியில் ஒருநாள் விடியற்காலை முகத்துவாரத்தில் அலை படகைக் கவிழ்த்தது. மூன்று பேரில் இரண்டு பேர் கரையேறினார்கள். தீனா ஏறவில்லை.

இருபது படகுகள் ஐந்து நாள் தேடின. உடல் கிடைக்கவில்லை. ஏதாவது கப்பல்காரன் தூக்கிப் போட்டிருப்பான், ஆந்திரா பக்கம் கரை ஒதுங்கியிருப்பான் என்று அவர் மனைவி தேவி, வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பெற்றவள் வேறு என்ன சொல்வாள்? முப்பதாம் நாள் ஊர்க்கூட்டம் கூடி, காரியத்துக்கு நாள் குறித்தது. தேவி அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. பொன்னுரங்கம் சரியென்று தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

பேனரை வேறு கடையில் போட்டுக்கொள்ளலாம் என்று மச்சான் சொன்னான். பொன்னுரங்கம் கேட்கவில்லை.

"எவனாவது கன்னாபின்னான்னு ஃபாண்ட் போட்டு வெச்சுடுவான். நானே போடறேன்" என்றார்.

போட்டார். கெட்டது ஃபோல்டரைத் திறந்து ஃபாண்டை ஏற்றினார். யாரோ கல்யாணத்தில் எடுத்த, தீனா சிரிக்கிற படத்தை வைத்தார். தோற்றம் என்று அடித்துப் பிறந்த தேதியைப் போட்டார். மறைவு என்று அடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் எல்லாவற்றையும் கர்வ் செய்ய வேண்டும், இரண்டு விரல் வேலை. விரல் போகவில்லை. கர்வ் செய்துவிட்டால் பிறகு திருத்த முடியாதே. நாளைக்கே காக்கிநாடாவிலிருந்து ஒரு போன் வந்துவிட்டால்? பைத்தியக்காரத்தனம் என்று அவருக்கே தெரிந்தது. தெரிந்தும் கர்வ் செய்யாமல் அப்படியே அனுப்பினார்.

அச்சகத்தில் பேனர் அடிக்கிற ரஞ்சித்குமாருக்கு அவர் ஃபைலைச் சோதித்துப் பார்க்கிற வழக்கமே இல்லை. ஃபாண்ட் இல்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. அண்ணன் ஃபைலில் தப்பு இருக்காது என்று ஓகே கொடுத்துவிட்டான்.

காரியத்தன்று காலை தெருமுனையில் பேனரைப் பிரித்துக் கட்டினார்கள். தீனா பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மேலும் கீழும் வரி வரியாக இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியும். கட்டியவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

தேவி வெளியே வந்து பார்த்தாள். அவள் பத்தாவது படித்தவள். "இன்னா எழுதியிருக்குது?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் எழுதலை" என்றார் பொன்னுரங்கம்.

"அப்ப அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இத்தனை நாளில் அவள் முகத்தில் ஒரு நிம்மதியை அவர் அப்போதுதான் பார்த்தார். அது அவரை அறுத்தது.

ஆனால் பகலில் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். ஊர் சிரிக்கும் என்று மச்சான் அவசரப்படுத்தினான். பொன்னுரங்கம் கடைக்குப் போய் ஃபைலைத் திறந்தார். ஏற்றிய ஃபாண்டை அவர் இன்னும் எடுக்கவில்லை, அவருடைய திரையில் எல்லாம் சரியாகவே இருந்தது. கண்ணீர் அஞ்சலி, பெயர், தேதி, ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. திருத்துவதற்கு அங்கே எந்தக் கோளாறும் இல்லை. அதைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் இருந்தாரோ, போன் அடித்தது.

ரஞ்சித்குமாருக்கு விஷயம் போயிருந்தது. தப்பு தன்னுடையதுதான் என்று மன்னிப்புக் கேட்டான். உடனே வேறு அடித்து பைக்கில் கொண்டுவந்து தருவதாகச் சொன்னான். பிறகு தயங்கினான்.

"எப்பவும் கர்வ் பண்ணிதானண்ணே அனுப்புவீங்க. எதுனா மாத்தணும்னு வெச்சிருந்தீங்களா?"

பொன்னுரங்கம் திரையைப் பார்த்தார். "இல்லப்பா. மாத்த ஒண்ணுமில்ல" என்றார்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து கர்வ் செய்தார். அனுப்பினார். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு விலகிப்போனார்கள்.

இரண்டு மணிக்குப் புது பேனர் வந்தது. பழையதை அவிழ்த்துவிட்டு அதைக் கட்டினார்கள். சத்தம் கேட்டு தேவி வந்து நின்றாள். தலைப்பிலிருந்து மறைவு தேதி வரைக்கும் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படித்து முடித்ததும் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நீயே எழுதிட்டியாய்யா" என்றாள்.