காலியாக ஓடிய பத்தொன்பதாயிரம் கிலோமீட்டர்

என் மனைவி வாடகைக் கார் ஓட்டுகிறாள். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். கேட்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசிச் செயலியில் அழைத்தால் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிற கார். நான் வேலை பார்த்த அட்டைப்பெட்டிக் கிடங்கை நான்கு வருடங்களுக்கு முன் இழுத்துப் பூட்டினார்கள். நான் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து சோகம் காத்துக்கொண்டிருந்த மூன்று மாதத்தில் அவள் ஓட்டக் கற்று, உரிமம் வாங்கி, கடனில் ஒரு காரையும் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். அப்போது அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. முதல் மாதம் காரைப் பின்னால் எடுக்க வராது. முட்டுச்சந்தில் இருந்து யாராவது அழைத்தால் நைசாக மறுத்துவிடுவாள்.

ஓட்டம் கைவந்ததும் அவளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஆள் இறங்கியதும் காரின் முன்பக்கச் சிறு அறையில் இருந்து ஒரு நோட்டை எடுத்து, கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று காட்டும் எண்ணைத் தேதி, நேரத்தோடு குறித்துக்கொள்வாள். பக்கத்தில் மூன்றில் ஒரு சொல்: ஆள், காலி, வீடு. ஆள் என்றால் பயணி இருந்தார். காலி என்றால் அடுத்தவரை ஏற்றப் போன ஓட்டம், அல்லது எங்கோ இறக்கிவிட்டுச் சும்மா திரும்பிய ஓட்டம். வீடு என்றால் எங்கள் சொந்த வேலை. மற்ற ஓட்டுநர்கள் அவளுக்கு நோட்டுக்கார அக்கா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நானும் என் பங்குக்குக் கிண்டல் செய்திருக்கிறேன். "ஆள் ஏறினதுல இருந்துதான் அந்தக் கம்பெனி எண்ணுது. அதுக்கு முன்னாடி நான் ஓட்டினது யார் கணக்குல போகும்?" என்று ஒருமுறை கேட்டாள். நான் பேச்சை மாற்றினேன்.

சொந்தத் தொழில் என்றால் வருடத்துக்கு ஒருமுறை வருமான வரிக் கணக்கைத் தானே கட்டி அனுப்ப வேண்டும். அந்த வேலையை நான் வாங்கிக்கொண்டேன். பதினைந்து வருடம் கிடங்கில் சரக்குப் பேரேடு எழுதியவனுக்கு இது ஒரு பொருட்டா என்று வீட்டில் பீற்றிக்கொண்டதும் உண்டு. கிடங்கில் ஒரே விதிதான்: உள்ளே வந்து இறங்கிய பெட்டியைத்தான் வரவு வைக்க வேண்டும், வழியில் இருப்பதைத் தொடக்கூடாது. அதே விதியை இங்கேயும் போட்டேன். வங்கிக்கு எவ்வளவு வந்து சேர்ந்ததோ அதுதான் வருமானம் என்று எழுதி, அவள் நோட்டில் இருந்த ஆள், காலி ஓட்டங்களைக் கூட்டிச் செலவில் போட்டு, அழகாகக் கோடு போட்டு அனுப்பிவைத்தேன்.

பயணி நூறு கொடுத்தால் கம்பெனி இருபத்தைந்தை எடுத்துக்கொண்டுதான் மீதியை வங்கிக்கு அனுப்புகிறது. வரித் துறைக்கு முழு நூறையும் காட்ட வேண்டும். கம்பெனி எடுத்த இருபத்தைந்தைச் செலவில் கழிக்க வேண்டும். கடைசியில் விடை ஒன்றுதான். ஆனால் கம்பெனி அனுப்பிய பட்டியலில் நூறு இருக்கிறது, என் தாளில் எழுபத்தைந்து இருக்கிறது. பார்க்கிறவன் என்ன நினைப்பான்? கால் பங்கை அமுக்கிவிட்டார்கள் என்றுதானே நினைப்பான்?

அப்படித்தான் நினைத்தார்கள். ஒரு பகலில், அவள் ஓட்டத்தில் இருந்தபோது கடிதம் வந்தது. வருமானத்தைக் குறைத்துக் காட்டியிருப்பதாகத் தெரிகிறது, தொழிலுக்காக நாற்பத்தாறாயிரம் கிலோமீட்டர் ஓடியதாகச் செலவு எழுதியிருக்கிறீர்கள், கம்பெனி பட்டியலிலோ இருபத்தேழாயிரம்தான் இருக்கிறது, மாத முடிவுக்குள் ஆதாரங்களுடன் நேரில் வரவும், அதுவரை வரி பாக்கி இல்லை என்ற சான்றிதழ் தர இயலாது. அந்தக் கடைசி வாக்கியத்தை மூன்று முறை படித்தேன். சான்றிதழ் இல்லாவிட்டால் வாடகைக் கார் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். உரிமம் மாதக் கடைசியோடு முடிகிறது. அதன் பிறகு அவள் ஆள் ஏற்ற முடியாது. கார்க் கடனில் இன்னும் இருபத்தாறு தவணை பாக்கி.

நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாத்திர அலமாரியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளுக்கு அடியில் கடிதத்தைச் சொருகிவிட்டேன். நான்கு நாள் வாயே திறக்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில், உரிமத்தைப் புதுப்பிக்க இந்த வாரமே மனு போட்டுவிடுகிறேன் என்று அவள் சந்தோஷமாகச் சொன்னபோது எடுத்துக் கொடுத்தேன். கார்ச் சாவி கையில் இருக்க, நின்றபடியே முழுவதையும் படித்தாள்.

"நாலு நாளா ஏன் சொல்லலை?"

"தப்பு என்னோடது. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

"தப்பு யாரோடதா இருந்தா என்னங்க? தேதி நம்ம ரெண்டு பேருக்கும்தானே ஓடுது."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் ஓட்டத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

அன்று மாலை என் மச்சான் வந்தான். அவளுடைய தம்பி, அவனும் இதே தொழில்தான். கம்பெனி எடுத்த பங்குக்குப் பட்டியலே சாட்சி, அதைக் காட்டினால் போதும் என்றான். கிலோமீட்டர்தான் இடிக்கும் என்றான். அவனைப் போன்றவர்கள் காலி ஓட்டத்தை வருடக் கடைசியில் குத்துமதிப்பாகத்தான் எழுதுவார்களாம். எப்படியும் அபராதம் விழும், நோட்டில் 'வீடு' என்று இருப்பதையும் 'காலி' என்று மாற்றினால் இன்னும் ஆறாயிரம் கிலோமீட்டர் செலவு கூடும், அபராதத்துக்குச் சரியாகிவிடும் என்று யோசனையும் சொன்னான். அவன் போன பிறகு நான் அதே நிற நீலப் பேனாவைத் தேடி எடுத்தேன். என் தவறால் போகிற பணத்தை நானே எப்படியாவது மீட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. முதல் சொல்லின் மேல் பேனாவை வைத்தபோது அவள் வந்து நின்றாள்.

"நம்ம வீட்டு ஓட்டத்துக்கு நாமதான் பெட்ரோல் போடணும். பேனாவைக் கீழ வைங்க."

வைத்தேன்.

வரி அலுவலகம் மூன்றாவது மாடியில். டோக்கன் வாங்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். அந்த நேரத்தில் எத்தனை ஆள் ஏற்றியிருக்கலாம் என்று நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். அதிகாரி இளைஞர், எங்கள் மகள் வயதுதான் இருக்கும். கண்ணாடி, மடிப்புக் கலையாத சட்டை, சிரிக்கத் தெரியாத முகம். நான் இரண்டு முறை விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். வண்டி ஓட்டுகிறவர் பேசட்டும் என்று இரண்டு முறையும் என் வாயை அடைத்தார்.

கம்பெனி எடுத்த பங்கை ஐந்து நிமிடத்தில் ஒப்புக்கொண்டார். நோட்டுகளைத்தான் நம்பவில்லை. ஒரு வண்டி பத்தொன்பதாயிரம் கிலோமீட்டர் ஆளே இல்லாமல் ஓடுமா என்று கேட்டார். ஓடினால்தான் அடுத்த ஆள் கிடைப்பார் என்று அவள் நிதானமாகச் சொன்னாள். விமான நிலையத்தில் ஒருவரை இறக்கிவிட்டால் அங்கே ஏற்கெனவே நாற்பது வண்டிகள் வரிசையில் நிற்கும், திரும்பி வரும் முப்பது கிலோமீட்டரும் காலிதான் என்றாள்.

பிறகு கார்ப் பட்டறை ரசீதுகளைக் கேட்டார். ஒவ்வொரு ரசீதிலும் பட்டறைக்காரர் அன்றைய கிலோமீட்டர் எண்ணை எழுதியிருப்பார். அந்தந்தத் தேதிக்கு நோட்டைப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தார். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவர் விரலையே பார்த்தேன். ஐந்து ரசீதில் நான்கு அப்படியே பொருந்தின. ஐந்தாவதில், காரை விட்டபோது ரசீதில் விழுந்த எண்ணுக்கும் எடுத்தபோது அவள் குறித்த எண்ணுக்கும் இரண்டு கிலோமீட்டர் இடித்தது. அவள் ஓரத்தைக் காட்டினாள். 'மெக்கானிக் ஓட்டிப் பார்த்தது 2' என்று பொடி எழுத்தில் இருந்தது.

அதிகாரி முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். அதன் பிறகு புரட்டியது சோதனைக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. ஏதோ படிப்பது போலப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார்.

"செவ்வாய்க்கிழமை. காலையில எட்டுல இருந்து ரெண்டு மணி வரைக்கும் அறுபத்திரண்டு கிலோமீட்டர், வீடுன்னு போட்டிருக்கீங்க. இதையும் தொழில்னு எழுதியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதேம்மா."

"அன்னைக்கு இவருக்கு ஒரு இன்டர்வியூ சார். கூட்டிட்டுப் போய் வெளியில நின்னேன். அது தொழில் இல்லையே."

எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. என் வயதைப் பார்த்துவிட்டு ஐந்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். அதற்கு முன் மூன்று மணி நேரம் உட்கார வைத்திருந்தார்கள். இன்றைக்கு ஓட்டமே மந்தம், அதனால்தான் வந்தேன் என்று அவள் சொன்னதை நான் அப்படியே நம்பியிருந்தேன். அதே நோட்டில் அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, அதே ஆறு மணி நேரத்தில், ஒன்பது முறை ஆள் என்று இருந்ததை அந்த மேசையில்தான் பார்த்தேன். ஒன்பது பேரை விட்டுவிட்டு எனக்காக வெளியில் நின்றிருக்கிறாள். என் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை.

அதிகாரி நோட்டுகளை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். கிலோமீட்டர் அப்படியே ஏற்கப்பட்டது. வருமானத்தைத் தவறான கட்டத்தில் எழுதியதற்குச் சிறிய அபராதம். அவளுடைய அரை நாள் கூலி. திருத்திய படிவத்தை அங்கேயே எழுதிக் கொடுத்தால் அன்றே சான்றிதழ் தருவதாகச் சொன்னார். கூடவே ஒரு அறிவுரையும் சொன்னார்.

"அடுத்த வருஷமாவது யாராவது ஆடிட்டர் கிட்டக் குடுங்கம்மா. வீட்டு ஆளுங்க எழுதினா இப்படித்தான் ஆகும்."

நான் தரையைப் பார்த்தேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அவள் படிவத்தை வாங்கி என் முன்னால் வைத்தாள். "இவர்தான் எழுதுவார் சார். இந்தத் தப்பை இனிமே எந்த ஜென்மத்துலயும் பண்ண மாட்டார்."

எழுதினேன். எண்கள் கோணவில்லை. அவள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். அதிகாரி கடைசிப் பகுதியைப் பார்த்துவிட்டு, படிவத்தைத் தயாரித்தவரின் தொழில் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லையே என்று கேட்டார். எல்லாக் கட்டத்தையும் நிரப்பினால்தான் முத்திரை போட முடியுமாம். நான்கு வருடமாக யார் கேட்டாலும் சும்மாதான் இருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லி, அதுதான் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"கணக்கர்னு போடுங்க," என்றாள் அவள், கைப்பையை மூடிக்கொண்டே. "நான் ஓட்டுறேன், இவர் கணக்கு எழுதுறார். ரெண்டு பேரும் ஒரே வண்டிலதான் வேலை பார்க்கிறோம் சார்."

கணக்கர் என்று எழுதினேன். அதிகாரி முத்திரையை எடுத்துக் குத்தினார்.