வலப்பக்க நிலையில் ஒரு சாய்ந்த கோடு

நேற்றுக் காலை எங்கள் வாசல் கதவைக் கழற்றினார்கள். மரநிலையை அறுத்த தூளின் வாசமும், ஏழெட்டு அடுக்குப் பெயின்ட் சூடேறிய வாசமும் படியேறி வந்து, சமையலறையில் நின்ற என்னைப் பிடித்தன. கையில் கரண்டியோடு கீழே ஓடினேன்.

"கொஞ்சம் நில்லுங்கோ!"

வீட்டுச் சொந்தக்காரர் ராசன் அண்ணை பயந்துபோனார். "என்ன பிள்ளை, அடுப்பில ஏதும் எரியுதோ?"

"இல்லை அண்ணை, நிலை..."

"அது உக்கிப் போச்சு. பிளாஸ்டிக் போடுறன். இனிக் குளிர் வராது."

குளிர் வருகிறது என்று நான்கு வருடமாக அவரை அரித்தெடுத்தது வேறு யாருமில்லை, நான்தான். கரண்டியோடு ஒதுங்கி வழி விட்டேன்.

அந்த நிலையின் வலப்பக்கத்தில், என் தோள் உயரத்தில், சுண்டுவிரல் நீளத்துக்குச் சாய்வாக ஒரு பள்ளம் இருந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் போலந்துக்குப் போக வேண்டும். போலந்துக்குப் போவதென்றால் தாய்ப்பால் எடுக்கும் பம்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் சரித்திர ஆசிரியை. யூத மக்கள் வாழ்ந்த இடங்களையும் கொல்லப்பட்ட இடங்களையும் ஆசிரியர்களுக்குக் காட்டும் மூன்று நாள் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருந்தேன். கொடுத்தபோது எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். பயணம் இரண்டு தரம் தள்ளிப்போய், புறப்படும் நாள் வந்தபோது மகள் ஆரணிக்கு ஏழு மாதம். தெற்கு லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் அம்மாவிடம் அவளை விட்டேன். விமான நிலையத்திலிருந்தே நாலு தரம் போன் அடித்தேன்.

"பிள்ளை போத்தலைத் துப்புது. நீ போனை வை. நீ வச்சாத்தான் நான் குடுக்கலாம்."

அன்றிலிருந்து ஒரே யோசனை. பால்குடிப் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவள் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. என் மாணவர்கள் சாகும்வரை மறக்காத ஏதாவது ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் எதற்காக விட்டு வந்தேன்?

இரண்டாம் நாள் நாஜிகளின் கொலை முகாமைப் பார்த்தோம். குழந்தைகளின் சப்பாத்துகள் இருந்தன. அதற்கு மேல் இங்கே எழுத எனக்கு ஏலாது.

திரும்பும்போது பஸ்ஸில் ஒருவரும் மூச்சு விடவில்லை. எனக்கோ மார்பில் பால் கட்டி உயிர் போனது. கடைசி இருக்கையில் சால்வைக்குள் பம்பை இயக்கினேன். அது சத்தமில்லாத பம்ப் என்று கடைக்காரன் சொல்லித்தான் விற்றான். அந்த அமைதியில் அது ஆட்டுக்குட்டிபோல 'மே... மே...' என்றது. சாரதி காதைக் கூர்மையாக்கினார். பஸ்ஸை ஓரம் கட்டினார். இறங்கிப்போய் எஞ்சினைத் திறந்து பார்த்தார்.

பக்கத்தில் இருந்த ஹன்னா சால்வை நுனியைக் கடித்தாள். தாங்காமல் வெடித்தாள். பிறகு நான். பிறகு பஸ் முழுவதும். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று ஆளாளைப் பிடித்து உலுப்பியது.

"இன்றைக்குப் போய்ச் சிரிக்கிறோமே" என்றேன், வெட்கத்தில்.

ஹன்னாவும் ஆசிரியை, யூதப் பெண். அவள் அப்பாவின் ஆட்கள் அந்த ஊர்ப்பக்கத்தவர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கள் குடும்பத்தில் மரணவீட்டில்தான் பெரிய சிரிப்பு" என்றாள்.

"எங்கட வீட்டிலயும்தான்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவளுக்கு எப்படியோ விளங்கியது.

மறுநாள் பழைய யூதத் தெருவில் அவள் ஒரு வாசலில் நின்றாள். யூத வீடுகளின் வலப்பக்க நிலையில், வேத வரிகள் எழுதிய தோற்சுருளைச் சிறிய கூட்டில் வைத்துச் சாய்வாகப் பொருத்துவார்கள். மெசூசா என்று பெயர். போகவர விரலால் தொடுவார்கள். அந்த வீட்டு ஆட்களும் இல்லை, கூடும் இல்லை. பெயின்டுக்கு அடியில் சாய்ந்த பள்ளம் மட்டும் இருந்தது. ஹன்னா அதில் விரலை வைத்தாள். பிறகு என் விரலைப் பிடித்து வைத்தாள்.

கொண்டுபோக வேண்டியது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆரணி இரண்டாம் நாளே போத்தலுக்கு மாறிவிட்டிருந்தாள். அம்மாவின் தோளிலிருந்து, மீட்டர் பார்க்க வந்த ஆளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு அப்டன் பார்க்கில் எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு கையால் கதவுத் திறப்பைத் தேடும்போது கண்டேன். எங்கள் வாசலில், வலப்பக்கத்தில், சாய்ந்த பள்ளம்! கிழக்கு லண்டனில் ஒரு காலத்தில் யூதர்கள் நிறைய வாழ்ந்தவர்கள். எனக்குத் தலைகால் தெரியவில்லை. குழந்தையோடு வாசலிலேயே ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன். ஹன்னாவுக்குப் படம் அனுப்பினேன். திங்கட்கிழமை வகுப்பில் முழங்கினேன்.

முப்பது பிள்ளைகளும் வீட்டுக்குப் போய் நிலையைத் தடவியிருக்கிறார்கள். ஒரு தாய் போன் அடித்தார். "டீச்சர், மகள் கரண்டியால கதவைச் சுரண்டுறா. இது கவுன்சில் குடுத்த வாடகை வீடு, என்னைக் கலைச்சுப் போடுவாங்கள்."

அந்தக் கிழமைதான் ராசன் அண்ணை வந்தார். படம் எடுத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "அதோ? ஜெர்மனியில இருந்து வந்த புதுசில நான் பெல் பூட்டினது பிள்ளை. கோணலாப் போச்சு, பிறகு கழட்டிப் போட்டன்" என்றார்.

வகுப்பில் ஒப்புக்கொண்டேன். கூரை பறக்கச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்போது, கதவு சுரண்டிய அதே பிள்ளை கை உயர்த்தினாள்.

"அப்ப போலந்தில இருந்ததும் பெல்லா, மிஸ்?"

அது பெல் இல்லை என்று எப்படித் தெரியும்? அந்தப் பள்ளித் தவணை முழுவதும் அதைத் தேடுவதிலேயே போனது. வீட்டுப் பதிவேடுகள், பெயர்ப் பட்டியல்கள், படங்கள், தப்பியவர்களின் வாய்மொழி. நான் படிப்பித்த பாடங்களில் அதுதான் உருப்படியானது. பிள்ளையை விட்டுப்போய்க் கொண்டுவந்தது கடைசியில் ஒரு பிழையைத்தான் என்று ஹன்னாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

ஆனாலும் கோணல் பெல்லின் தழும்பை வெளியே போகும்போதெல்லாம் தொட்டேன், பழக்கமாகிவிட்டது. நடக்கத் தொடங்கிய ஆரணி தன்னையும் தூக்கச் சொன்னாள். வீட்டை விட்டுப் போகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்தாளோ என்னவோ.

நேற்று ராசன் அண்ணை, "வேணுமெண்டா அந்தத் துண்டைக் கொண்டு போங்கோ" என்றார். துருப்பிடித்த ஆணி, உதிரும் பெயின்ட், நாலு வயதுப் பிள்ளை. "வேண்டாம் அண்ணை" என்றேன். அது குப்பை லொறியில் போனது.

இன்று காலை வழக்கம்போல் ஆரணியைத் தூக்கினேன். விரல் சரியான இடத்துக்குத்தான் போனது. வெள்ளைப் பிளாஸ்டிக்கில் வழுக்கிக் கீழே வந்தது. திரும்பவும் மேலே போய்த் தேடியது.

"அம்மா, கோடு எங்க?"

பள்ளிக்கூடத்துக்குப் பிந்திவிட்டது. அவளைத் தூக்கியபடியே நின்றேன். குளிர் கொஞ்சமும் வரவில்லை.