ஓர்லீனாவின் குதிகால்

எங்கள் கென்டக்கி மலையில் ஓர்லீனா பாஞ்சோ என்கிற நரம்பு வாத்தியத்தை எடுத்தால் குதிகாலும் கூடவே எழுந்துவிடும். மத்தளமா இருந்தது எங்களுக்கு? பலகைத் தரையில் விழுகிற அந்த உதைக்குத்தான் ஊரே ஆடியது.

பட்டணத்தில் பாட்டை இசைத்தட்டில் பதிக்கிறார்களென்று கேள்விப்பட்டுப் புருஷன் வெர்ஜிலோடு கிளம்பினாள். கொழுந்தன் ஹோபர்ட் வழிமறித்தான்.

"உன் பாட்டை எவன் அண்ணி வாங்குவான்? எங்க மாடுகூட வேலி தாண்டி ஓடுதே!"

"மாட்டுக்கு வழிவிடத் தெரியுது, உனக்குத் தெரியலையே," என்று நடந்தாள்.

தொப்பிக்கடை மாடியில் பதிவு. ஓர்லீனா உதைத்த உதையில் பாட்டைக் கீறிப் பதிக்கிற ஊசி எகிறி மெழுகுத் தட்டு பாழானது. பதிவுக்காரர் விட்லாக் பல்லைக் கடித்தார்.

"காலை ஆட்டாம வாசிங்கம்மா."

காலை அடக்கினாள், கை வழி மறந்தது. அந்தத் தட்டும் போச்சு. வெளியே அடுத்த கோஷ்டி காத்திருந்தது.

"இன்னும் ஒரே தடவைதான். இல்லேன்னா ஊருக்குக் கிளம்புங்க."

ஹோபர்ட்டின் இளிப்பு அவள் கண்முன் வந்தது. வெர்ஜில் கோட்டைக் கழற்றி மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு, அவள் காலடியில் உட்கார்ந்தான்.

"இதுல மிதி புள்ள."

"வலிக்கும்யா."

"கல்யாணமான நாள்லேருந்து மிதிச்சுக்கிட்டுத்தானே இருக்கே? இன்னிக்கு என்ன புதுசா இரக்கம்?"

சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். ஊசி அசையவில்லை. பாட்டு உச்சிக்கு ஏறியபோது குதிகால் இடி மாதிரி இறங்கியது. "ஊம்ம்!" என்றான் வெர்ஜில். அதுவும் மெழுகில் ஏறிவிட்டது.

விட்லாக் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னொரு தடவை வாசிங்க!"

"ஒரே தடவைன்னு நீங்கதானே சொன்னீங்க? இவர் தொடையிலயும் இனி இடமில்ல. வேணும்னா முனகலோட எடுத்துக்குங்க," என்று பாஞ்சோவைப் பையில் போட்டாள்.

வேறு வழியில்லாமல் எடுத்துக்கொண்டார்.

இசைத்தட்டு வந்த அன்று எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்துக் கடையில் நிற்க இடமில்லை. தட்டைச் சுழலவிட்டு, வெர்ஜில் முனகிய இடம் வந்ததும் கடையே குலுங்கிச் சிரித்தது. "திரும்பப் போடுங்கய்யா!" என்று கத்தின முதல் ஆள் ஹோபர்ட்தான்.

அந்தத் தட்டு மலை தாண்டிப் போனது. அதைக் கேட்டுப் பழகினவர்களெல்லாம் முனகலும் பாட்டில் சேர்த்தி என்றே நினைத்தார்கள். தலை நரைத்தபிறகு ஒரு மாவட்டச் சந்தை விழாவில் ஓர்லீனாவை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மேடை நிறைய பாஞ்சோக்காரர்கள் அவள் பாட்டையே வாசித்தார்கள், அந்த இடம் வந்ததும் அத்தனை பேரும் ஒரே குரலில் "ஊம்ம்!" என்றார்கள்.

ஓர்லீனா பக்கத்திலிருந்த கிழவனின் தொடையைத் தட்டினாள்.

"பாருய்யா, மிதி வாங்கினது நீ ஒருத்தன். முனகுறது ஊரே!"