இரண்டு படகில் இரண்டு பிரதி

எண்ணூர் கழிமுகத்தின் அக்கரையில் ஏழு நாள் மணலில் படுத்து எடுத்த பறவை வீடியோ, இப்போது இரண்டு ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. கேமரா கார்டுகளை அழித்துவிட்டேன். இரண்டு டிஸ்கையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு முகத்துவாரக்குப்பம் திரும்பப் படகேறுகிறேன்.

"இன்னா நைனா, கட்டிப் புடிச்சிகினு கீற?" என்கிறார் படகுக்காரர் ஏழுமலை.

"எடுத்த படம்ணே. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கணும்னு ரெண்டு காப்பி."

"ரெண்டும் ஒரே பையிலயா? நல்லா கீது போ! நானும் என் தம்பியும் ஒரே போட்டுல ஏற மாட்டோம். வூட்டுக்கு ஒருத்தனாவது திரும்பணும்ல? ஒண்ண அவங்கிட்ட குடு."

பின்னால் வரும் படகில் அவர் தம்பி, நான் நீட்டும் ஒரு டிஸ்கை வாங்கி, காலிச் சோற்று டப்பாவில் வைத்து மூடிக்கொள்கிறார்.

முகத்துவாரத்தில் பெரிய அலை ஒன்று எங்கள் படகுக்குள் விழுகிறது. கரையில் பையைக் கவிழ்த்தால் டிஸ்கோடு உப்புத் தண்ணீரும் கொட்டுகிறது. தம்பியின் படகு வந்து சேர்கிறது. டப்பாவைத் திறக்கிறார். டிஸ்க் நனையாமல் இருக்கிறது.

"அலைகிட்ட நான் ஒண்ணும் சொல்லி வெக்கல, மாமு" என்று ஏழுமலை சிரிக்கிறார். அவர் ஈரக் கையைப் பிடித்துக்கொள்கிறேன். விட மனம் வரவில்லை.