இரவல் கார்டு

நேற்று எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு பையன் படம் ஒன்று போட்டிருந்தான். தூத்துக்குடி வட்டாரத்து ஆலைகளில் இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்ப்பவர்களும், என்னைப் போல் பார்த்து ஓய்ந்தவர்களும் இருக்கிற குழு அது. படத்தில் ஒரு பழைய கன்ட்ரோல் கார்டு. 'இதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். யாரிடமாவது ஸ்பேர் இருக்கிறதா? அவசரம்' என்று கீழே எழுதியிருந்தான். எல்லாரும் பார்த்தாயிற்று என்பதற்கு அடையாளமாக அவன் போனில் நீல டிக் விழுந்திருக்கும். ஒருவரும் பதில் போடவில்லை. கொஞ்ச நேரத்தில் யாரோ காலை வணக்கமும் ரோஜாப் பூவும் அனுப்ப, கார்டு மேலே போய் மறைந்துவிட்டது.

எனக்கானால் அந்தப் படத்தைப் பார்த்ததும் மூக்கில் சால்னா வாசனை அடித்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் பீரோ பீரோவாகப் பெட்டிகள் நிற்கும், பேனல் என்போம். கதவைத் திறந்தால் புத்தகம் அடுக்கினாற்போல் கார்டுகள் செருகியிருக்கும். பாய்லரில் தண்ணீர் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, எந்த வால்வு எவ்வளவு திறக்க வேண்டும் என்பதையெல்லாம் அவைதான் பார்த்துக்கொள்ளும். முக்கியமான ஒன்று செத்தால் ஆலையே நிற்கும். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே எங்கள் பெட்டிகளுக்கு வயதாகிவிட்டது. செய்து கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனி, இனி இந்த மாடல் கிடையாது என்று கைகழுவிவிட்டது. புதிது வாங்க முதலாளிக்கு மனசு வரவில்லை. ஓடுகிற வரை ஓடட்டும் என்றார். ஓட்டுகிறவன் பாடு அவருக்கு என்ன தெரியும்.

இதில் எங்கள் ஊர்க் காற்று வேறு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். எத்தனை ஏசி போட்டாலும் உப்பு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். மற்ற ஊர்களில் காலம் தள்ளுகிற கார்டு இங்கே சீக்கிரமே பச்சை பூத்துச் செத்துப்போகும். ஆடி மாதம் கச்சான் என்கிற மேல்காற்று புழுதியையும் சேர்த்துக்கொண்டு வீசத் தொடங்கினால் நான் பெட்டிகளின் கதவிடுக்குகளில் துணி அடைத்துக்கொண்டு திரிவேன். எங்கள் வீட்டில் பழைய வேட்டிகளைக் காணோம் என்று தேடுவார்கள்.

அப்படி ஓர் ஆடியில்தான் ஞானமுத்து பழக்கமானார். சாத்தான்குளத்துக்காரர். எங்கள் ஆலைக்கு நாலு மதில் தள்ளி இன்னொரு ஆலையில் என்னைப் போலவே எஞ்சினியர். அவர்களிடமும் அதே பெட்டிகள். எங்கள் கார்டு போய், ஆலை நின்று, நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது யாரோ கொடுத்த நம்பரில் கூப்பிட்டேன். முன்பின் தெரியாத மனிதர்.

"செத்துப்போச்சாவே? எங்ககிட்ட ஒண்ணு சும்மா கெடக்கு. ஷிப்ட் முடிஞ்சு வாரேன், பரோட்டாக் கடையில நில்லும்."

முறைப்படி கேட்டால் இரண்டு தலைமை அலுவலகங்கள் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் ஆலை துருப்பிடித்துவிடும். அதனால் கார்டு சாப்பாட்டு கேரியருக்குள் வந்தது. நிலைமின்சாரம் தாக்கிக் கெட்டுப்போகாமலிருக்க, பரோட்டா பார்சலுக்குச் சுற்றுகிற வெள்ளித்தாளில் பொதிந்திருந்தார். "ஸ்டாட்டிக் ஏறாது வே, நம்பும்" என்றார். அவர் வீட்டுக் கேரியரில் முந்தின நாள் சால்னா இருந்திருக்கிறது. பேனலில் செருகிச் சூடு ஏறியதும் கட்டுப்பாட்டு அறை முழுக்க மணந்தது. எங்கள் மேனேஜர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "எவம்லே பேனலுக்குள்ள வச்சுச் சாப்பிடுதது?" என்று என்னைத்தான் பார்த்தார்.

வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது நம் வீடுகளில் வழக்கம் இல்லையா? நாங்கள் அதைக் கார்டுக்கும் வைத்துக்கொண்டோம். வேறெங்காவது கார்டு தேடிப்பிடித்து, அவருடையதைத் திருப்பும்போது கேரியரில் எங்கள் ஏரல் பக்கத்து வாழைப்பழத்தை வைத்து அனுப்புவேன். எங்களிடமிருந்து அவர் வாங்கினது திரும்பி வந்தால் கூடவே சில்லுக்கருப்பட்டி இருக்கும். அந்தச் சாலையின் ஆலைகளில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லாரும் இப்படித்தான் ஓட்டினோம். வாசல் காவலாளிகளுக்குத் தெரியும். அவர்களுக்கும் பழத்தில் பங்கு உண்டு.

பிறகொரு முறை அவரிடம் வாங்கிய கார்டு எங்கள் பாய்லர் பேனலில் இருந்தபோது, அவர்கள் ஆலையில் அதே கார்டு செத்தது. ஸ்டோரில் ஸ்பேர் இல்லை. அங்கே புதிதாக வந்திருந்த ஜெனரல் மேனேஜர் வெளியூர்க்காரர். இந்தக் கார்டுக்குச் சந்தையில் இருக்கிற கிராக்கி அவருக்குத் தெரியும், எங்கள் கேரியர் வழக்கம் தெரியாது. ஞானமுத்து உள்ளதைச் சொல்லியிருக்கிறார். கார்டை விற்றுவிட்டுக் கதை அளக்கிறார் என்று விசாரணை வைத்துவிட்டார்கள்.

நான் எங்கள் மேனேஜரிடம் ஓடினேன். கார்டு எங்களிடம்தான் இருக்கிறது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். சால்னா வாசனைக்கு மூக்கை உறிஞ்சிய அதே மனிதர், இப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எழுதிக் குடுத்தா நம்ம பாய்லரு எரவல் கார்டுல ஓடுதுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா நீரா பதில் சொல்லுவீரு?"

என் கைப்பட எழுதி அவர்கள் ஆலைக்கு எடுத்துப்போனேன். கம்பெனி முத்திரை இல்லாத தாள் செல்லாது என்றார்கள். கார்டில் ஒட்டியிருந்த அவர்கள் ஆலை எண்ணைப் படம் எடுத்துக் காட்டினேன். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்றார்கள். கார்டையே கழற்றிக் கொண்டுபோகலாமென்றால் பாய்லர் நின்றுவிடும். ஞானமுத்து திருடன் இல்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சி எங்கள் பேனலில் பச்சை விளக்கு மினுங்க ஓடிக்கொண்டிருந்தது. அதன் எதிரில் உட்கார்ந்து தினமும் காப்பி குடித்தேன். அந்தக் காப்பியின் கசப்பு இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது.

அவருடையதைக் கழற்ற வேண்டுமென்றால் அதன் இடத்தில் செருக இன்னொன்று வேண்டும். தேட ஆரம்பித்தேன். கம்பெனிக்கு ஸ்பேர் தேடுகிற ஆள் என்று பெயர். உண்மையில் ஒரு மனிதருடைய மானத்தைத் தேடினேன். மும்பைத் தரகர் ஒருவர் அனுப்பிய கார்டு பளபளவென்று வார்னிஷ் மணத்தோடு வந்தது. புதுப்பெண் மாதிரி இருக்கிறதே என்று செருகினால் உயிரே இல்லை. இன்னொருவர் பணம் வந்ததும் போனை எடுப்பதை விட்டுவிட்டார். பழைய இரும்புக் கடைகளில் நான் குனிந்து நிற்பதைப் பார்த்து, ரிட்டயர் ஆகுமுன்பே கடை போடப் போகிறாரா என்று ஆபீசில் கிண்டல்.

இதற்குள் ஞானமுத்துவை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஊருக்குப் போய்விட்டார்; ஒரு நாள் பார்க்கப் போனேன். அவர்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலின் மைக் செட்டும் ஆம்ப்ளிபயரும் பல வருஷமாக அவர் பொறுப்பு. அந்த அறைச் சாவி அவரிடம்தான் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கமிட்டிக்காரர்கள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்களாம். "மரியாதையாத்தான் கேட்டாங்க வே" என்றார். பள்ளிக்கூட டீச்சரான அவர் மனைவி எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணாச்சி, அந்தக் கார்டு உங்க பேனல்ல நல்லா ஓடுதா?"

நல்லா ஓடுதும்மா என்று சொன்னேன். வேறென்ன சொல்வது? அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், கண்ணில் தூசியா என்று கேட்டு ஜன்னலை இழுத்து மூடினார்.

கடைசியில் கிடைத்தது. மூடிப்போன ஒரு சர்க்கரை ஆலையின் பெட்டிகளை எடைக்கு வாங்கிப் போட்டிருந்தார் ஒரு வியாபாரி. ஒன்றின் மேல் கோழி அடைந்திருந்தது. உள்ளே குளவிக்கூடு. அதற்குப் பின்னால் என் கார்டு. பல் துலக்கும் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டுமாக உட்கார்ந்து தேய்த்தேன். ஆலையை நிறுத்தி வைக்கிற வருடாந்திர ஷட்டவுனில் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. ஞானமுத்துவின் கார்டைக் கழற்றி வெள்ளித்தாளில் சுற்றி, பழக்க தோஷத்தில் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு அவர்கள் ஆலைக்குப் போனேன்.

ஜெனரல் மேனேஜர் மாற்றலாகிப் போயிருந்தார். ஞானமுத்துவின் நாற்காலியில் இளைஞர் ஒருவர். கார்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "சார், இதுக்கு எங்கெல்லாம் அலையிறோம் தெரியுமா?" என்று எழுந்து நின்றே வாங்கிக்கொண்டார். இது ஞானமுத்து எங்களுக்கு இரவல் கொடுத்தது, அவர் விற்கவில்லை, இதை எழுதிப் பதிவு செய்யுங்கள் என்றேன்.

"யாரு சார்?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். ஆபீசில் விசாரித்துவிட்டு வந்து, அந்த பைல் முடிந்துவிட்டது, இனி திறக்க முடியாதாம் என்றார். வாழைப்பழத்தை மட்டும் தொடவில்லை. வெளியாரிடமிருந்து எதுவும் வாங்கக் கூடாதென்று கம்பெனியில் கண்டிப்பாம்.

சாத்தான்குளத்துக்குப் போய்ச் சொன்னேன். ஞானமுத்து ஊராருடைய இன்வெர்ட்டர்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். சால்டரிங் அயர்னைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"நான் திருடலன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. சரி. அது யாருக்குத் தெரியணுமோ அவனுவ ஒருத்தனும் இப்ப அங்கன இல்லையே வே."

அதற்குப் பிறகு அந்தச் சாலையில் கேரியர் எதுவும் மதில் தாண்டவில்லை. ஒவ்வோர் ஆலையும் தன் கார்டுகளைப் பூட்டி வைத்துக்கொண்டது. ஓர் ஆலை நாள்கணக்கில் நின்று கிடக்கும், அதற்கு வேண்டிய கார்டு பக்கத்து மதிலுக்குள் இருக்கும். இரண்டு ஆலைக்காரர்களுக்கும் அது தெரியும்.

நான் ஓய்வு பெறுகிற வருஷம் குளவிக்கூட்டிலிருந்து எடுத்த அந்தக் கார்டும் போனது. வெட்கத்தை விட்டு அந்த இளைஞரைக் கூப்பிட்டேன்.

"ஸ்பேர் எதுவும் இல்ல சார்."

"தம்பி, நான் என் கையால உங்ககிட்டத் தந்தது இருக்குமே?"

மறுமுனையில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"இருக்கு சார். ஆனா கார்டை வெளிய குடுக்கக் கூடாதுன்னு இங்க ஒரு ரூல் இருக்கு. ரொம்ப நாளா இருக்கு. ஏன்னு எனக்கும் தெரியல."

ஏனென்று எனக்குத் தெரியும். சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.