இடப்பக்கம் ஒதுங்கிய விமானம்

விமானக் கொட்டகையில் எல்லோரும் அவரைப் ‘பொறுங்க அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கருவி கெட்டுப்போச்சு என்று யாராவது சொல்லி முடிப்பதற்குள் "பொறுங்க" என்று கையை உயர்த்திவிடுவார். சிறிய விமானங்களின் மின்கருவிகளைப் பழுது பார்ப்பது அவர் வேலை. கல்யாணத்துக்கு முன்பு லிஃப்ட் கம்பெனியில் ஒயரிங் பார்த்தவர்.

அங்கே நிற்கும், நான்கு பேர் உட்காரும் விமானம் ஒன்றை ஓட்டுபவர் அக்காவின் தங்கை புருஷன். நிலங்களை மேலிருந்து படம் எடுப்பவர்களை ஏற்றிப் போவார். அதற்கு விமானம் கோடு போட்டதுபோல் நேராகப் பறக்க வேண்டும். விமானத்தைத் தானாகவே ஓட்டும் ஆட்டோபைலட் பெட்டி இருப்பதே அதற்குத்தான். ஆனால் ஒரு மாதமாக விமானம் இடப்பக்கம் ஒதுங்கிக்கொண்டே போனது.

"அண்ணி, இந்தப் பொட்டியக் கழட்டி வீசிட்டுப் புதுசு மாட்டுங்க. நேத்து கேமராக்காரர், ‘சார், உங்களுக்குத் தெரிஞ்சவங்க வீடு அந்தப் பக்கம் இருக்கா’ன்னு கேக்கறார். மானம் போகுது."

"பொறுங்க மாப்பிள்ளை. என்ன தப்பு பண்ணுச்சுன்னு தெரியாம அதை வீட்டைவிட்டுத் துரத்தக் கூடாது."

இணைப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். இறக்கையின் ஓரத்து மடலை அசைக்கும் மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்தார். தரையில் ஒரு குறையும் இல்லை. "சரி, மேல போய்ப் பாத்துடுவோம்" என்று மாப்பிள்ளைக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

விமானத்தில் திசை காட்ட இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று எதிரே பலகையில் இருக்கும் டயல். மற்றொன்று கண்ணாடியோரம் திரவத்தில் மிதக்கும் காந்தத் திசைகாட்டி. புறப்படும்போது இரண்டும் ஒன்றையே காட்டின. சற்று நேரம் ஆட்டோபைலட்டில் பறந்த பிறகு, டயல் அசையாமல் அதே திசையைக் காட்டியது. திசைகாட்டியோ, விமானம் நன்றாக இடப்பக்கம் திரும்பிவிட்டதாகக் காட்டியது.

"பொட்டி மேல பழி போடாதீங்க. டயல் சொல்றதைத்தான் அது கேக்குது. டயல்தான் புளுகுது."

"அது ஏன் புளுகணும்?"

"இறங்குங்க. கேட்டுச் சொல்றேன்."

அந்த டயலுக்குள் ஒரு பம்பரம் சுற்றுகிறது. ஆட்கள் உட்காரும் அறையிலிருந்து ஒரு பம்ப் இழுக்கும் காற்றுதான் அதைச் சுற்றவைக்கிறது. காற்று குறைந்தால் பம்பரம் தளர்ந்து, திசை நழுவும். இறங்கியதும் அக்கா பலகைக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, காற்று நுழையும் வடிகட்டியைக் கழற்றினார். வெள்ளையாக இருக்க வேண்டியது தேயிலைச் சாயத்தில் முக்கியதுபோல் பழுப்பேறிக் கிடந்தது. முகர்ந்து பார்த்தார்.

"மாப்பிள்ளை, அதை விட்டு எவ்வளவு நாளாச்சு?"

"எதை அண்ணி?"

"தங்கச்சிகிட்ட சத்தியம் பண்ணினீங்களே, அதை."

மாப்பிள்ளை விமானத்தின் டயரையே பார்த்தார். "வீட்டுல ஒரு சிகரெட்கூடத் தொடறதில்ல அண்ணி. ஆளை இறக்கிவிட்டுட்டுத் தனியா வரும்போது மட்டும்..."

"அதாவது வீட்டுல விட்டுட்டு, ஆகாசத்துல வெச்சிக்கிட்டிருக்கீங்க."

அந்த நேரம் பார்த்துத் தங்கையிடமிருந்து போன். "அக்கா, கோளாறு தெரிஞ்சுதா? இவர் சரியாவே தூங்கறதில்ல."

‘வடிகட்டி அடைச்சிருக்கு’ என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் பாதி உண்மை சொல்லி அக்காவுக்குப் பழக்கமில்லை. "தெரிஞ்சுது. அவரே சொல்லுவார்" என்று ஸ்பீக்கரைப் போட்டு நீட்டினார்.

மாப்பிள்ளை மென்று விழுங்கி, ஒருவழியாகச் சொல்லி முடித்தார்.

"உங்க சட்டையெல்லாம் யார் துவைக்கறாங்கன்னு நெனச்சீங்க?" என்றாள் தங்கை. "நீங்களா எப்பச் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன். அக்கா, அந்த அழுக்கை நீ துடைக்காத. அவரே துடைக்கட்டும்."

துடைத்தார். அக்கா டார்ச் பிடித்துக்கொண்டு அதட்ட, மாப்பிள்ளை சட்டையெல்லாம் கரியாகப் பலகைக்கு அடியில் படுத்து, வடிகட்டி இருந்த இடத்தைச் சுத்தம் செய்து, புது வடிகட்டியைப் பொருத்தினார். புகைப்பிசுக்கு டயலுக்குள்ளும் இறங்கியிருக்கும் என்று அக்கா அதைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டு, கையிருப்பில் இருந்த வேறொன்றை மாட்டினார்.

மறுநாள் சோதனைப் பறப்பு. போகும்போது டயலும் திசைகாட்டியும் கடைசிவரை ஒத்துப்போயின. "அண்ணி, நேரா போகுது!" என்றார் மாப்பிள்ளை. "போகாம?" என்ற அக்கா, திரும்பும் வழியில் இருக்கையில் சாய்ந்து நன்றாகத் தூங்கிவிட்டார்.

மாப்பிள்ளை சிகரெட்டை நிஜமாகவே விட்டுவிட்டார். முதல் மாதம் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார். தங்கை பொறுத்துக்கொண்டாள். அக்கா திருப்பித் திட்டினார்.